பாடசாலை திறப்பும் ஒரு தலைப்பும்

அன்புள்ள ஐயா,

கொவிட் காலத்தில் பாடசாலைகளைத் திறப்பது பற்றிய செய்திகளைத் தமிழ் நாளிதழ்கள் அச்சமூட்டும் வகையிலேயே தந்தன என்று எழுதியிருந்தீர்கள். 2021 ஓகஸ்டில் மூச்சுத்திணறிய என் தாயாருடன், கட்டில் கிடைக்காமல் வைத்தியசாலை விறாந்தையில் இரவு முழுவதும் காத்திருந்தவன் நான். பிள்ளைகளை வீட்டில் வைத்திருந்தது அந்த அச்சம்தானே? பயமுறுத்தாமல் வேறு எப்படி எழுதியிருக்கலாம்?

ச., வெள்ளவத்தை

அன்புள்ள ச.,

அந்த விறாந்தையை மறந்துவிட்டு நான் எழுதவில்லை. 2021 ஓகஸ்டில் பாடசாலைகளைத் திறந்திருக்க வேண்டும் என்று கூறவுமில்லை. என் குறை, அப்போது நான் உதவி ஆசிரியராக இருந்த நாளிதழின் செய்திப் பிரிவைப் பற்றியது. அதில் என் கையும் உண்டு.

2020 மார்ச் 13 இல் மூடப்பட்ட இலங்கைப் பாடசாலைகள், ஜூலை 6 இல் சில தரங்களுக்கு மட்டும் திறக்கப்பட்டு, கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்தில் பரவிய தொற்றுக் கொத்தணியால் ஒரே வாரத்தில் மறுபடி மூடப்பட்டன. அந்த நாட்களில்தான் தென்கொரிய ஆய்வொன்று உலகெங்கும் செய்தியானது. 5,706 தொற்றாளர்களோடு தொடர்புபட்டவர்களைப் பின்தொடர்ந்த அந்த ஆய்வில், 10 முதல் 19 வயதுத் தொற்றாளர்களின் வீட்டாரில் 18.6 சதவீதத்தினருக்குத் தொற்று இருந்தது. இரவு பத்து மணிக்கு வந்த ஆங்கிலச் செய்தியை நான்தான் மொழிபெயர்த்து, 'பெரியவர்களைப் போலவே பிள்ளைகளும் கொரோனாவைப் பரப்புவர்' என்று தலைப்பிட்டேன். அந்தச் சதவீதம் வெறும் 124 பிள்ளைகளின் வீடுகளிலிருந்து வந்தது என்பதும், கணக்கெடுத்த காலத்தில் கொரியப் பாடசாலைகள் மூடியிருந்தன என்பதும் அச்சாகவில்லை.

ஓகஸ்டில் கொரியாவிலிருந்தே மற்றோர் ஆய்வு வந்தது. பிள்ளைக்கும் வீட்டாருக்கும் ஒரே இடத்திலிருந்து தொற்றியிருக்கக்கூடிய சம்பவங்களை நீக்கிப் பார்த்தபோது, 107 பிள்ளைகளின் வீட்டார் 248 பேரில் ஒருவருக்கு மட்டுமே பிள்ளையிடமிருந்து தொற்றியதாகக் கொள்ள முடிந்தது. பாடசாலை பாதுகாப்பானது என்று இதுவும் நிறுவிவிடவில்லை. மூடியிருந்த பாடசாலை பற்றி இரண்டு ஆய்வுகளுமே எதுவும் சொல்ல இயலாதவை. ஆனால் முதலாவதற்கு முன்பக்கம் கிடைத்தது, இரண்டாவதற்கு ஒரு மூலைகூடக் கிடைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியில் எங்கள் கீழ்வீட்டு அக்கா அந்தச் செய்தியைக் கத்தரித்துக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருந்தார். செப்டெம்பரில் எல்லாத் தரங்களும் திறந்தபோதும் ஒன்பதாம் தரத்து மகனை அவர் அனுப்பவில்லை. வீட்டிலிருந்த ஒரே தொலைபேசி, புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை வேலை பார்க்கும் கணவரின் சட்டைப்பையில் இருந்தது. ஆசிரியர் காலையில் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பாடங்களைப் பையன் இரவு எட்டு மணிக்குப் பிறகே, உடைந்த திரையில், விரலால் பெருப்பித்துப் பார்த்துக் கொப்பியில் எழுதுவான். தினமும் காலையில் படியிறங்கும்போது அந்தத் தலைப்பைக் கண்டுகொண்டுதான் போனேன். எழுதியவன் நான் என்று அக்காவிடம் சொல்லவேயில்லை.

உங்கள் தாயாருக்கு வந்த ஆபத்தை அக்காவும் அஞ்சினார், அதில் பிழையே இல்லை. ஆனால் ஜன்னல்கள் உள்ளனவா, ஒரு வகுப்பில் எத்தனை பேர், அறுபது வயது ஆசிரியருக்கு என்ன ஏற்பாடு என்று அதிபரிடம் கேட்பதற்கு எங்கள் செய்தி அவருக்கு எதையும் தரவில்லை. 'திறக்கப்படுமா?' என்ற ஒரே கேள்வியை அமைச்சின் அறிவிப்புக்கு அறிவிப்பு திருப்பித் திருப்பி அச்சிட்டோம். 2021 ஒக்டோபர் 21 இல், 200 மாணவருக்குக் குறைந்த பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகளை முதலில் திறந்தார்கள். சிறிய பாடசாலையும் ஆயிரம் பேர் நெருங்கும் கொழும்புப் பாடசாலையும் ஒன்றல்ல என்பதை அறிய எங்களுக்கு எந்த ஆய்வும் தேவைப்பட்டிருக்காது. மலையகத்திலிருந்த எங்கள் நிருபரிடம் ஒருமுறை கேட்டிருந்தால் போதும். அவரிடம் நாங்கள் கேட்டதெல்லாம், சிக்னல் தேடிக் குன்றேறும் மாணவர்களின் படம்.

வேறு எப்படி எழுதியிருக்கலாம் என்ற உங்கள் கேள்விக்கு, அந்தத் தலைப்பை இப்போது எழுதிப் பார்க்கிறேன்: 'பாடசாலைகள் மூடியிருந்தபோது கொரியாவில் எடுத்த கணக்கு: பதின்ம வயதினரின் வீடுகளில் தொற்று அதிகம், யாரிடமிருந்து யாருக்கு என்பது தெளிவில்லை.' இரண்டு பத்தி அகலத்தில் இது அடங்காது. அன்றைய செய்தி ஆசிரியர் 'தெளிவில்லை' என்பதைத்தான் முதலில் வெட்டியிருப்பார்.