கோட்டில் விழும் இடைவெளி: குற்ற வரலாற்றை வரைவது பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்கச் சிறைத்துறைப் பதிவுகளைக் கொண்டு பல்லாண்டுக் குற்ற வரலாறுகளைப் படமாக வரைவது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி (புள்ளியியல் மாணவி): சார், எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஆளுக்கு ஒரு கோடு போடுங்கள். கிடை அச்சில் ஆண்டு வேண்டாம், வயது வரட்டும். கைதான நாளுக்கு ஒரு புள்ளி, சிறைக்குள் இருந்த காலத்துக்கு ஒரு பட்டை.

கேள்வி: பட்டை எதற்கு? புள்ளிகள் போதாதா?

பதில்: போதாதம்மா. பலரும் சறுக்குவது இங்கேதான். ஒருவருக்கு 25 முதல் 30 வயது வரை புள்ளியே இல்லை என்றால் திருந்திவிட்டார் என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஐந்து வருடமும் அவர் சிறையில் இருந்திருக்கலாம், இறந்திருக்கலாம், வேறு மாநிலத்துக்குப் போயிருக்கலாம். பட்டை இல்லாவிட்டால் இந்த மூன்றும் திருந்தியதும் படத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும். இறப்புப் பதிவோடு ஒப்பிட்டு, இறந்தவரின் கோட்டை அந்த வயதிலேயே நிறுத்துங்கள். கைது வீதம் கணக்கிடும்போது சிறைக்கு வெளியே இருந்த நாட்களால் மட்டும் வகுங்கள்.

கேள்வி (பத்திரிகையாளர்): விடுதலையானவர்களில் 83 சதவீதம் பேர் மறுபடி கைதாகிறார்கள் என்கிறார்களே, உண்மையா?

பதில்: எண் சரிதான். 2005இல் 30 மாநிலங்களில் விடுதலையானவர்களை அமெரிக்க அரசின் நீதிப் புள்ளியியல் பணியகம் 9 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. ஒருமுறை கைதானாலே கணக்கில் சேர்ந்துவிடுவதால் அந்தக் கோடு ஏறுமே தவிர இறங்காது. அதே தரவை ஆண்டுவாரியாக வரையுங்கள்: முதல் ஆண்டில் 44 சதவீதம் பேர் கைதாகிறார்கள், மூன்றாம் ஆண்டில் 34, ஒன்பதாம் ஆண்டில் 24. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். அந்த இறக்கத்திலும் ஒரு பங்கு, மறுபடி உள்ளே போனவர்களால் வந்திருக்கும். கைது என்பது குற்றம் நிரூபணமானதாகவும் ஆகாது.

கேள்வி (வழக்கறிஞர்): தொடர்ந்து குற்றம் செய்யப்போகிறவரைச் சிறுவயதிலேயே அடையாளம் காண முடியுமா?

பதில்: பிலடெல்பியாவில் 1945இல் பிறந்த 9,945 சிறுவர்களின் போலீஸ் பதிவுகளைக் குற்றவியல் ஆய்வாளர் வுல்ஃப்காங்கின் குழு ஆராய்ந்தது. ஐந்தோ அதற்கு மேலோ குற்றம் பதிவான 627 பேர் மொத்தக் குற்றங்களில் பாதிக்கு மேல் செய்திருந்தார்கள். ஆனால் அது நடந்து முடிந்தபின் எண்ணியது. பாஸ்டனில் ஆய்வாளர்களான குளூக் தம்பதியர் முன்பு ஆராய்ந்த, குற்றம் செய்த 500 சிறுவர்களின் வாழ்க்கையைப் பின்னாளில் லாப், சாம்ப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 70 வயது வரை தேடிப் பார்த்தார்கள். எவ்வளவு முரடாகத் தொடங்கியவர்களும் வயது ஏற ஏறக் குறைத்துக்கொண்டார்கள். யார் எப்போது நிறுத்துவார் என்பதைச் சிறுவயதுக் குணங்கள் சொல்லவில்லை. 17 வயதுப் பையனின் கோட்டை, இன்னும் வராத வருடங்களுக்கும் நீட்டி வரைய யாருக்கும் உரிமை இல்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கேள்வி: பெயரை நீக்கிவிட்டால் வெளியிடலாமா?

பதில்: அது போதாது. இரண்டு மூன்று கைதுத் தேதிகள் இருந்தாலே ஊர்க்காரர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். தேதியை எடுத்துவிட்டு வயதை மட்டும் வையுங்கள்.