எந்த கம்ப்யூட்டர் லாங்குவேஜ் படிக்க வைக்கலாம்? செவ்வாய்ப்பேட்டை அண்ணாவுக்கு ஒரு பதில்

வணக்கம் அண்ணா.

போன சனிக்கிழமை நீங்கள் வந்தபோது வெளியே இன்னும் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவசரத்தில் "யோசித்துச் சொல்கிறேன்" என்று உங்களை அனுப்பிவிட்டேன். கோச்சிங் சென்டரில் மகளை எதில் சேர்ப்பது என்று செருப்பை மாட்டிக்கொண்டே நீங்கள் கேட்டது மட்டும் காதிலேயே நிற்கிறது: "பைத்தானா ஜாவாவா, ஒரே வார்த்தையில் சொல்லுங்க சார். ஒண்ணாம் தேதி பணம் கட்டணும்."

ஒரே வார்த்தையில் என்றால் பைத்தான். காரணமும் சின்னதுதான். பாப்பா முதல் வருடத்திலேயே அதில் கொஞ்சம் எழுதிப் பழகியிருக்கிறாள், அதைப் பற்றிப் பேசும்போது தயக்கமில்லாமல் பேசுகிறாள். ஜாவாவைப் பற்றி அப்படிப் பேசியிருந்தால் ஜாவா என்றே சொல்லியிருப்பேன். ஆனால் ஒண்ணாம் தேதி பணம் கட்ட வேண்டாம். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பெங்களூரில் இருக்கும் உங்கள் மச்சான் ஜாவா என்கிறார், எதிர்வீட்டுப் பையன் ஜாவாஸ்கிரிப்ட் என்கிறான், கோச்சிங் சென்டரில் ஃபுல் ஸ்டாக், அதாவது வெப்சைட்டின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டும், என்கிறார்கள். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. சி வந்தது 1972-ல், பைத்தான் 1991-ல், ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்ட்டும் 1995-ல். பெயர் ஒன்று போல இருந்தாலும் கடைசி இரண்டுக்கும் சொந்தபந்தம் கிடையாது. ஜாவாஸ்கிரிப்ட்டின் முதல் வடிவத்தைப் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் எழுதினார். அந்த அவசரத்தின் கோணல்கள் இன்னும் அதில் இருக்கின்றன, உலகத்து பிரவுசர்கள் எல்லாம் அதைத்தான் ஓட்டுகின்றன. இவற்றில் எதுவும் நாளைக்கே செத்துப்போகாது. ஒன்றில் நன்றாகக் கை பழகியவர்களுக்கு இன்னொன்றுக்கு மாறச் சில வாரங்கள் போதும். நாலையும் நுனிப்புல் மேய்ந்தவர்கள்தான் இன்டர்வியூவில் திணறுகிறார்கள்.

நானே ஒருமுறை இதில் சறுக்கியிருக்கிறேன். 2015-ல் இரண்டு பையன்கள் வந்தார்கள். அப்போது ஆங்குலர் ஜேஎஸ் என்ற ஃபிரேம்வொர்க்குக்கு ஏக மவுசு. "அதைப் படி, வேலை கிடைக்கும்" என்று இருவருக்கும் அடித்துச் சொன்னேன். அடுத்த ஆண்டே ஆங்குலர் 2 வந்தது. பெயர்தான் பழையது, உள்ளே மொத்தமும் புதிதாக எழுதியிருந்தார்கள். பழையதற்கான ஆதரவும் 2021 முடிவோடு நின்றுவிட்டது. இருவரில் ஒருவன் முதலில் ஜாவாஸ்கிரிப்ட்டை ஒழுங்காகப் படித்துவிட்டு அதற்கு மேல் ஆங்குலரைப் படித்திருந்தான். புதியதற்கு மாற அவனுக்குச் சிரமமில்லை. இன்னொருவன் எந்த இடத்தில் எதை ஒட்ட வேண்டும் என்று மனப்பாடம் செய்திருந்தான். அவன் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. அவன் மேல் தப்பில்லை, சொல்லிக்கொடுத்த வரிசை தப்பு.

ஃபிரேம்வொர்க் என்றால் என்ன என்று கேட்டீர்கள். உங்கள் வெள்ளிப் பட்டறையில் இருக்கும் அச்சு மாதிரிதான். ஒவ்வொரு பூவையும் கையால் செதுக்காமல் அச்சில் அடித்து எடுக்கிறீர்கள். லாகின், ஃபார்ம், தகவலைச் சேர்த்து வைக்கும் டேட்டாபேஸோடு பேசுவது என எல்லா வெப்சைட்டிலும் திரும்பத் திரும்ப வரும் வேலைக்கு அப்படி ஓர் அச்சு. பைத்தானில் ஜாங்கோ என்று ஒன்று இருக்கிறது, 2005-ல் வெளியானது. அமெரிக்காவில் கேன்சஸ் மாநிலத்துச் செய்தித்தாள் அலுவலகம் ஒன்றில் பிறந்தது, அதனால் வேகமாக முடிப்பதற்கென்றே செய்யப்பட்டது. பாப்பாவுக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் அச்சு உடைந்தால் என்ன செய்வது என்று தெரிய வெள்ளியைத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையா? பிரவுசர் என்ன கேட்கிறது, சர்வர் என்ன பதில் சொல்கிறது, டேட்டாபேஸில் எது எப்படி உட்காருகிறது என்பதெல்லாம் அந்த வெள்ளி. டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் கட்டாயம். எந்த ஃபிரேம்வொர்க் வந்தாலும் போனாலும் அது கூடவே வரும்.

சரி, எதைச் செய்து பழகுவது? எல்லாரும் செய்யும் நூலக மேலாண்மை, மாணவர் வருகைப் பதிவு ப்ராஜெக்ட்டுகளை நேர்முகத்தில் கேட்பவர்கள் பார்த்துப் பார்த்துச் சலித்திருப்பார்கள். பாப்பா உங்கள் பட்டறைக் கணக்கை எழுதட்டும்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை அண்ணா. கம்பியை எடை போட்டு ஒரு வீட்டுக்குக் கொடுக்கிறீர்கள். பற்ற வைக்க இன்னொரு வீடு, மெருகுக்கு வேறு இடம். ஒவ்வொரு கை மாறும்போதும் போன எடை, வந்த எடை, சேதாரம், கூலி. இதை நோட்டில் வைத்துக்கொண்டு மாதக் கடைசியில் நீங்களும் அண்ணியும் ராத்திரி பதினோரு மணி வரை கூட்டுகிறீர்கள் என்று நீங்களே சொன்னீர்கள். இதை அப்படியே டேட்டாபேஸில் கொண்டுவர வேண்டும். வேலை செய்பவர்களுக்கு ஒரு டேபிள், கொடுத்ததற்கு ஒன்று, வாங்கியதற்கு ஒன்று. ஜாங்கோவில் டேபிளை வரையறுத்துச் சில வரிகளில் பதிந்துவிட்டால், பதிவுகளைப் போட்டுப் பார்க்கும் அட்மின் பக்கம் தானாகக் கிடைக்கும். சீக்கிரமே நீங்களே அதில் ஒரு வரி போட்டுப் பார்க்கலாம்.

அங்கேதான் படிப்பு ஆரம்பிக்கும். எடையைப் புள்ளி வைத்த எண்ணாக, அதாவது ஃப்ளோட்டாக, வைப்பாள். எல்லாரும் முதலில் அப்படித்தான் செய்வார்கள். பைத்தானில் 0.1 + 0.2 என்று அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 0.3 வராது, 0.30000000000000004 என்று வரும். கம்ப்யூட்டர் எண்களை இரண்டின் அடுக்குகளில் வைத்துக்கொள்கிறது. நமக்கு மூன்றில் ஒன்றைப் புள்ளி வைத்து எழுதினால் 0.333 என்று முடிவில்லாமல் போவது போல, அதற்குப் பத்தில் ஒன்று முடிவில்லாமல் போகிறது. எங்கேயோ வெட்டித்தான் வைக்க வேண்டும். ஒரு வரியில் இது ஒன்றுமே இல்லை. ஆயிரம் வரி கூட்டி "சரியாக இருக்கிறதா" என்று ஒப்பிடும்போது கணக்கு இடிக்கும். எடையை மில்லிகிராமில் முழு எண்ணாக வைத்தால் தீர்ந்தது: 412.350 கிராம் என்பது 4,12,350. நம்மைப் போலவே பத்தின் அடுக்குகளில் வைத்துக்கொள்ளும் டெசிமல் வகை எண்ணும் பயன்படுத்தலாம். வெள்ளியில் கொஞ்சம் காணாமல் போனால் வீட்டில் என்ன சத்தம் வரும் என்று தெரிந்த பெண்ணுக்கு இது ஒருநாளும் மறக்காது.

இன்னொன்று. நோட்டில் தப்பாக எழுதினால் நீங்கள் அழிக்க மாட்டீர்கள், அடித்துவிட்டுக் கீழே புது வரி எழுதுவீர்கள். ஏன்? நாளைக்குத் தகராறு வந்தால் காட்ட வேண்டும். டேட்டாபேஸிலும் அதே ஒழுக்கம் வேண்டும். பழைய எடையின் மேல் புதிய எடையை எழுதிவிட்டால் சாட்சி போய்விடும். அப்புறம், இருப்பில் கழிப்பதும் ஆள் பெயரில் ஏற்றுவதும் இரண்டும் நடக்க வேண்டும், இல்லை இரண்டும் நடக்கக் கூடாது. நடுவில் கரண்ட் போனால் ஒன்று மட்டும் நின்றுவிடக் கூடாது. இதற்கு டிரான்சாக்ஷன் என்று பெயர். பரீட்சைக்கு எழுதிவிட்டு எல்லாரும் மறக்கும் பாடம் இது.

அடுத்து, தனியாகச் செய்ய வேண்டாம். ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் தோழி ஒருத்தி இருக்கிறாள் என்றாளே, அவளையும் இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளட்டும். மூவரும் கிட் பழக வேண்டும். லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் செய்த கருவி. யார், எப்போது, எந்த வரியை, ஏன் மாற்றினார்கள் என்று வைத்துக்கொள்ளும். மழை நாளில் மேலே நெட் போய்விட்டாலும் அந்தப் பெண் தன் லேப்டாப்பிலேயே கமிட் போட்டு, அதாவது மாற்றத்தைப் பதிந்து, வைக்கலாம், நெட் வந்ததும் அனுப்பினால் போதும். மூவரில் இருவர் ஒரே வரியை இரண்டு விதமாக மாற்றியிருந்தால் கிட் நிறுத்தி, "எது வேண்டும், நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று கேட்கும். அதுதான் மெர்ஜ் கான்ஃப்ளிக்ட். முதல் தடவை வரும்போது கண் கலங்கும், பத்தாவது தடவை டீ குடித்துக்கொண்டே சரிசெய்வார்கள். கம்பெனிக்குப் போகுமுன்பே அந்தப் பத்துத் தடவையும் ஆகிவிட்டால் நல்லது.

ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி படித்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளட்டும். இதற்கு ரிவ்யூ என்று பெயர். வேலைக்குப் போனால் புதிதாக எழுதுவதைவிட, யாரோ எப்போதோ எழுதிய புரோகிராமைப் படித்துப் புரிந்துகொள்வதில்தான் பொழுது போகும். கல்லூரியில் அதற்கு மார்க் இல்லை, அதனால் யாரும் பழகுவதில்லை. ஸ்டாண்ட்-அப் என்றெல்லாம் சென்டர்காரர்கள் பெரிதாகப் பேசுவார்கள். தினமும் 15 நிமிடத்துக்குள், நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், எங்கே மாட்டிக்கொண்டேன் என்று சொல்வதுதான் ஸ்டாண்ட்-அப். மூன்று பேரும் கேன்டீனில் செய்து பழகலாம், ஃபீஸ் கிடையாது.

இங்கிலீஷ் பற்றி அண்ணி ரொம்பப் பயந்தார். சரளமாகப் பேச வருவது நல்லதுதான். ஆனால் முதலில் வேண்டியது, ஒரு பிழையைப் பார்த்தால் என்ன செய்தேன், என்ன வரும் என்று எதிர்பார்த்தேன், என்ன வந்தது என்று மூன்று வரி தெளிவாக எழுதுவது. பாப்பா அதைத் தினம் ஒன்று எழுதட்டும். பேச்சு பின்னாலேயே வரும்.

"ஏஐயே எல்லாம் எழுதிவிடுமாமே" என்ற கேள்விக்கும் வருகிறேன். எழுதும், வேகமாகவே எழுதும். எத்தனை வேலையைக் குறைக்கும் என்று ஜோசியம் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் அது எடையை ஃப்ளோட்டில் வைத்துக் கொடுத்தால், "இது வெள்ளிக் கணக்கு, ஆகாது" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். முதல் ஆறு மாதம் பாப்பா தானே எழுதிப் பழகட்டும். அதற்குப் பிறகு கருவியை வைத்துக்கொள்ளலாம், அது கொடுத்த ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொல்லத் தெரிந்தால் மட்டும்.

இனி அந்தச் சென்டர். நூறு சதவீத வேலை என்று நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். அதையே கையெழுத்துப் போட்டு ஸ்டாம்ப் பேப்பரில் தருவார்களா என்று கேளுங்கள். ஒரு நாள் வகுப்பில் உட்கார விடுவார்களா, போன பேட்ச் மாணவர்கள் எழுதிய புரோகிராமைக் கிட்ஹப்பில், அதாவது கிட்டில் வைத்ததை நெட்டில் காட்டும் தளத்தில், காட்டுவார்களா, பாதியில் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை எந்தக் காரணத்துக்கும் கொடுக்காதீர்கள். வேலை தருகிறேன், டெபாசிட் கட்டு என்பவன் வேலை தருபவன் இல்லை. சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு அம்மா, மகனின் மார்க் ஷீட்டை ஒரு சென்டரிலிருந்து மீட்க எட்டு மாதம் அலைந்தார்.

இலவசமாகவே நிறைய இருக்கிறது. ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் என்பிடெல் என்ற இணையதளத்தில் இருக்கின்றன, சர்டிஃபிகேட் தேர்வு எழுதினால்தான் கட்டணம். தமிழக அரசின் "நான் முதல்வன்" திட்டத்தில் அவள் கல்லூரிக்கு என்ன பயிற்சி வந்திருக்கிறது என்று பிளேஸ்மென்ட் ஆசிரியரைக் கேட்கச் சொல்லுங்கள். லேப்டாப்புக்கும் பெரிய தொகை வேண்டாம், 8 ஜிபி ராம் உள்ள பழையது போதும்.

கணக்கு ஓடி, மூன்று மாதம் நீங்களே அதைப் பயன்படுத்தி, "இது சரியில்லை, அது சரியில்லை" என்று நாலு முறை திருத்தச் சொன்ன பிறகும் கோச்சிங் வேண்டும் என்று பாப்பாவே கேட்டால், அப்போது பணம் கட்டுங்கள். எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அப்போது அவளுக்கே தெரியும்.

அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு அவளைக் கூட்டி வாருங்கள், அன்று வேறு யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை. லேப்டாப் தேவையில்லை. போன மாதத்துக் கணக்கு நோட்டை மட்டும் எடுத்து வாருங்கள். உங்கள் கையெழுத்து எனக்குப் புரியாது, அதனால் அண்ணியும் வந்தால் உதவியாக இருக்கும்.