கலீஃபாவும் போப்பும் ஒண்ணா?

செமினார்ல "கலீஃபான்னா முஸ்லிம்களோட போப்"னு சொன்னேன், சார் தப்புன்னு உக்கார வெச்சிட்டார், எங்க தப்புன்னு கேட்டிருந்தீங்க. ப்ரோ, அந்த ஒரு வரிதான் சிக்கலே. கலீஃபான்னா நபிக்கு அப்புறம் முஸ்லிம் சமூகத்துக்கும் அரசுக்கும் தலைவர், போப் மாதிரி மதத்துல கடைசி வார்த்தை சொல்றவர் இல்ல.

போப்போட ஆயுதம் படை இல்ல, ஒருத்தரை கிறிஸ்தவ திருச்சபையை விட்டு தள்ளி வைக்கிறது. 1076ல ஏழாம் கிரகோரி, ஜெர்மன் ராஜா நான்காம் ஹென்றியை அப்படி தள்ளி வெச்சதும் சொந்த பிரபுக்களே கழண்டுக்க ஆரம்பிச்சிட்டாங்க, அதனாலதான் 1077 ஜனவரி குளிர்ல மனுஷன் ஆல்ப்ஸ் தாண்டி வந்து கனோசா கோட்டை வாசல்ல மூணு நாள் வெறுங்கால்ல காத்துக் கிடந்தார். (அதோட முடியல, 1084ல இதே ஹென்றி ரோமைப் பிடிச்சு வேற போப்பை உக்கார வெச்சிட்டார், அது தனிக் கூத்து.)

கலீஃபா உக்காந்திருந்த பாக்தாத் கதை வேற. மார்க்கத்துல எது சரின்னு சொல்றது அங்க உலமாக்கள், அதாவது மார்க்க அறிஞர்கள். 833ல கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது (அதாவது என்னைக்கும் இருந்தது இல்ல)ன்னு ஒத்துக்கங்கன்னு அறிஞர்களைக் கூப்பிட்டு விசாரிக்க ஆரம்பிச்சார், அஹ்மத் இப்னு ஹன்பல்ங்கிற அறிஞர் ஜெயிலுக்குப் போய், அடுத்த கலீஃபா காலத்துல சவுக்கடி வாங்கியும் மசியவே இல்ல, 20 வருஷத்துக்குள்ள அரசாங்கமே அதைக் கைவிட்டுடுச்சு. போப்பா இருந்திருந்தா இப்படி தோத்திருப்பாரான்னு யோசிங்க.

945க்கு அப்புறம் இன்னும் பரிதாபம். பாக்தாத்தைப் பிடிச்ச புவைஹிகள்ங்கிற ஈரானிய அரச வம்சம் ஷியா, ஆனா சுன்னி கலீஃபாவை அப்படியே வெச்சிருந்தாங்க, ஜும்ஆ குத்பாவுலயும் (வெள்ளிக்கிழமை பிரசங்கம்) காசுலயும் அவர் பேரு, படையும் வரியும் இவங்க கையில.

ஸ்லைடுல "போப் மாதிரி"ங்கிறதை வெட்டிட்டு இந்த 833, 945 ரெண்டையும் போடுங்க, சார் கேட்டா ஹன்பல்ல இருந்து ஆரம்பிங்க.