தெரியாது என்பவரும் இல்லை என்பவரும்

கேள்வி: நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன், வயது 26. வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் தேவாரம் பாடியும், தைப்பூசத்தன்று பால்குடம் எடுக்கும் அம்மாவுடன் சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு கோயில் வரை நடந்தும் வளர்ந்தவன். சில ஆண்டுகளாக எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. கேட்பவர்களிடம் ‘அக்னாஸ்டிக்’ (கடவுள் உண்டா இல்லையா என்று தெரியாது என்பவர்) என்று சொல்லிவருகிறேன். அது துணிவில்லாதவரின் நாத்திகம் என்கிறார் என் நண்பர். அப்பாவோ, ‘தெரியாது என்றுதானே சொல்கிறான், இன்னும் கொஞ்சம் நம்பிக்கை மிச்சமிருக்கிறது’ என்று நிம்மதி அடைகிறார். இரண்டுக்கும் உண்மையில் என்ன வேறுபாடு? நான் எந்தப் பக்கம்? அடுத்த தைப்பூசத்தில் அம்மாவுடன் நடந்தால் அது பொய்யாகுமா?
– ஒரு வாசகர், தெம்பனிஸ்

பதில்: உங்கள் நண்பரும் தந்தையாரும் வேறுவேறு முடிவுக்கு வந்தாலும், இருவருக்கும் அடிப்படை ஒன்றுதான். நம்பிக்கை ஒரு கோடியிலும் மறுப்பு மறுகோடியிலும் இருக்க, ‘தெரியாது’ என்பவர் நடுவழியில் நிற்கிறார் என்று இருவருமே எண்ணுகிறார்கள். மேலே போகத் தயங்குபவராக உங்களை நண்பர் பார்க்கிறார். திரும்பி வரக்கூடியவராகத் தந்தையார் பார்க்கிறார். ‘அக்னாஸ்டிக்’ என்ற சொல்லை உருவாக்கியவரின் எண்ணம் இதுவன்று.

இங்கிலாந்தின் உயிரியல் அறிஞர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி, லண்டனில் இயங்கிய மெட்டாஃபிசிக்கல் சொசைட்டி என்ற விவாதக் கழகத்தில் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு கொள்கையை உறுதியாகப் பற்றிக்கொண்டு வாதிடுவதைக் கண்டு, அப்படிப்பட்ட உறுதி தமக்கு இல்லை என்பதைக் குறிக்க 1869ஆம் ஆண்டு அச்சொல்லை அமைத்துக்கொண்டார். அவருடைய நிலைப்பாடு அதற்கும் முன்பே உருவாகியிருந்தது. 1860இல் அவருடைய மூத்த மகன் நான்கு வயது நிறையும் முன்னரே காய்ச்சலில் இறந்தான். அப்போது ஆறுதல் கூறி எழுதிய பாதிரியார் சார்லஸ் கிங்ஸ்லிக்கு அனுப்பிய மறுமொழியில், மனிதன் இறப்புக்குப் பின்னும் வாழ்கிறான் என்பதைத் தாம் மறுக்கவும் இல்லை, உறுதிப்படுத்தவும் இல்லை என்றும், அதை நம்பத் தமக்குக் காரணம் தெரியவில்லை, பொய்யென்று நிறுவவும் தம்மிடம் வழியில்லை என்றும் அவர் எழுதினார். மகனைப் புதைத்த கையோடு, வலிய வந்த ஆறுதலைச் சான்று போதாது என்று ஏற்க மறுத்தவரைத் துணிவில்லாதவர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஹக்ஸ்லிக்கு அக்னாஸ்டிக்காக இருப்பது முதன்மையாக ஒரு கட்டுப்பாடு: நிறுவ முடியாததை நிறுவப்பட்டதாகச் சொல்லாதே என்பது. அக்கட்டுப்பாடு பக்தரை எவ்வளவு கட்டுப்படுத்துகிறதோ அவ்வளவுக்கு நாத்திகரையும் கட்டுப்படுத்தும். கடவுள் உண்டா இல்லையா என்பது அறியக்கூடிய செய்தியா என்ற கேள்விக்கு அது விடை சொல்கிறது. நாத்திகம் விடை சொல்வதோ, நீங்கள் நம்புகிறீர்களா என்ற வேறொரு கேள்விக்கு. அறிய முடியாது என்று ஒப்புக்கொண்டே நம்புபவர்கள் பக்தர்களிலேயே பலர் உண்டு. அறிய முடியாது என்று ஒப்புக்கொண்டு நம்பாதவர்களும் உண்டு.

ஆனால் இந்தப் பகுப்பை எல்லாரும் ஏற்றுக்கொள்வதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தத்துவத் துறையில் பலர், கடவுள் இல்லை என்று முடிவாகச் சொல்பவரையே நாத்திகர் என்றும், இரு பக்கமும் சாயாமல் தீர்ப்பை நிறுத்திவைப்பவரை அக்னாஸ்டிக் என்றும் வகுக்கிறார்கள். அவ்வழக்கில் ஒருவர் ஒரே வேளையில் இரண்டுமாக இருக்க இயலாது. 1970களில் ஆண்டனி ஃப்ளூ என்ற ஆங்கிலத் தத்துவ அறிஞர், நம்பிக்கை இல்லாதிருப்பதே நாத்திகம் என்றும், உண்டு என்பவர்தான் சான்று காட்டக் கடமைப்பட்டவர் என்றும் வாதிட்டார். (அதே ஃப்ளூ முதுமையில் படைப்புக்கு ஓர் அறிவார்ந்த மூலம் உண்டு என்ற கருத்துக்கு வந்துசேர்ந்தார், தந்தையாருக்கு இது பிடிக்கும்.) எந்த வழக்கைப் பின்பற்றினாலும் உங்கள் கடிதத்தில் ஒரு வரி தெளிவாக இருக்கிறது: ‘எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை’ என்று தயக்கமின்றி எழுதிவிட்டீர்கள். பாதிக்குப் பாதி என்று தீர்ப்பை நிறுத்திவைத்திருப்பவர் எழுதும் வரி அன்று அது. நிறுவ முடியும் என்று உரிமை கொண்டாடாத நாத்திகர் என்பதே உங்களுக்குப் பொருந்துமென்று எனக்குத் தோன்றுகிறது.

இருந்தாலும், எந்தக் கடவுளைப் பற்றிப் பேசுகிறோம் என்று கேட்காமல் இதை முடிக்கக் கூடாது. 1947இல் பெர்ட்ரண்ட் ரஸல் தம்மைப் பற்றிச் சொன்னது இங்கே உதவும்: தத்துவ அறிஞர்களிடம் பேசும்போது, கடவுள் இல்லை என்று நிறுவும் முடிவான வாதம் இல்லாததால், அக்னாஸ்டிக் என்று சொல்லிக்கொள்ள வேண்டும், தெருவில் போகும் சாதாரண மனிதரிடமோ, ஹோமர் பாடிய கிரேக்கத் தெய்வங்கள் இல்லையென்றும் தம்மால் நிறுவ முடியாது, அதற்காக அவற்றை யாரும் நம்புவதில்லை என்பதால், நாத்திகர் என்றே சொல்ல வேண்டும் என்றார். உங்கள் வீட்டிலும் இரண்டு வகைப் பேச்சு இருந்திருக்கும். தேர்வில் பிள்ளை தேறினால் பால்குடம் எடுப்பதாக அம்மா வேண்டிக்கொள்ளும் முருகன் ஒருவர். நேர்ந்ததைக் கேட்டு நடத்திவைப்பவர். சைவ சித்தாந்தம் நிறுவ முயலும் பதி, அதாவது உலகுக்கு மூலமான இறைவன், வேறொரு தளத்தில் இருப்பவர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் மெய்கண்டார் தம் சிவஞானபோதத்தை ஒரு வாதத்தோடுதான் தொடங்குகிறார்: அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதால் அதற்கு ஒரு கர்த்தா இருக்க வேண்டும் என்பது அது. அவர் வழிவந்த அருணந்தி சிவாச்சாரியார், பிற கொள்கைகளை மறுக்கும் பரபக்கம் என்ற பகுதியில் முதலில் எடுத்துக்கொள்வது, கடவுளை ஏற்காத உலகாயதரை. நீங்கள் விட்டு வந்த மரபு நாத்திகரை எதிர்வாதியாக மதித்துப் பதில் சொன்ன மரபு. நேர்த்திக்கடனுக்குச் செவிசாய்க்கும் தெய்வத்தை நம்பாமல், உலகின் மூலகாரணம் பற்றித் ‘தெரியவில்லை’ என்று சொல்வதில் முரண் ஒன்றுமில்லை. உங்கள் நிலை அதுதானா என்று ஒருமுறை உங்களையே கேட்டுப் பாருங்கள்.

நண்பர் ‘துணிவு’ என்று சொல்வதற்கு இந்த ஊரிலேயே வேர் உண்டு. பெரியார் 1929ஆம் ஆண்டின் கடைசியில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார், 1932இல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது, 1935இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கினார். நம்மவர்களிடம் நாத்திகம், அறிய முடியுமா என்ற ஆராய்ச்சியாக வருவதற்கு முன்பே, சாதியையும் மூடநம்பிக்கையையும் எதிர்த்த இயக்கத்தின் குரலாக வந்துவிட்டது. எனவே தந்தையார் ‘நாத்திகன்’ என்று கேட்டவுடன் கோயிலைப் பழிப்பவனை நினைக்கிறார். அதற்கு அஞ்சித்தான் நீங்களும் மென்மையான சொல்லைத் தேர்ந்திருக்கலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்த வேறுபாடு எதையும் பார்ப்பதில்லை. 2020இல் 15 வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 20 விழுக்காட்டினர் ‘சமயம் இல்லை’ என்றனர். 2010இல் அது 17 விழுக்காடு. நாத்திகரும் அக்னாஸ்டிக்கும், ஏதோ ஒரு சக்தியை மட்டும் நம்புபவரும் அந்த ஒரே கட்டத்துக்குள்தான் இருக்கிறார்கள்.

தைப்பூசத்தைப் பொறுத்தவரை, அம்மாவின் நேர்த்திக்கடனுக்கு அவருடன் நடப்பது உங்கள் நம்பிக்கையைப் பற்றிய வாக்குமூலம் ஆகாது. உங்கள் பெயரில் ஒரு வேண்டுதல் வைத்துக் குடம் எடுத்தால் அது பொய்தான். அதை மட்டும் செய்யாதீர்கள். தந்தையாரின் நிம்மதிதான் எனக்கு இடறுகிறது, ஏனெனில் அது நீங்கள் சொல்லாத ஒன்றின் மேல் எழுந்தது. ‘கடவுள் இல்லை என்று என்னால் நிரூபிக்க முடியாது, ஆனால் நான் நம்பவில்லை, அப்பா’ என்று பெயர் எதுவும் சூட்டாமல் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அம்மாவும் உடன் இருக்கும்போது சொல்லுங்கள். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் மட்டும் வேண்டாம்.

கேள்வி: நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல நேர்ந்தால், நம்பிக்கையற்றவர் எதன் மேல் சத்தியம் செய்வது?
– மற்றொரு வாசகர், பிடோக்

பதில்: எதன் மேலும் வேண்டாம். சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழி கூறச் சிங்கப்பூர்ச் சட்டத்தில் வழியிருக்கிறது. நீங்கள் நாத்திகரா, அக்னாஸ்டிக்கா என்று விளக்க வேண்டிய தேவையும் எழாது. பிரிட்டனில் இந்த உரிமை எளிதில் கிடைக்கவில்லை. நாத்திகரான சார்லஸ் பிராட்லா 1880இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, உறுதிமொழி கூறவும் விடவில்லை, பிறகு சத்தியம் செய்கிறேன் என்றபோது அதற்கும் விடவில்லை. தொகுதி மக்கள் அவரை மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்த பிறகு, 1886இல்தான் தடையின்றி இருக்கையில் அமர்ந்தார். உறுதிமொழியைப் பொதுவான உரிமையாக்கிய 1888ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரே.