ஓய்ந்துபோன பாய்லரில் என்ன இருக்கிறது?

கேள்வி: போர்ச்சுகலில் வேலை பார்க்கும் என் மகள் லிஸ்பனில் ஒரு பழைய அனல்மின் நிலையத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். இப்போது அது மியூசியமாம். கோயில், கோட்டை என்றால் சரி, ஓடாத பாய்லரில் என்ன பாரம்பரியம்?
– வாசகர், ஈரோடு

பதில்: நிறைய இருக்கிறது ஐயா. உங்கள் மகள் பார்த்தது பெலெம் பகுதியில் தேஜு ஆற்றங்கரையில் நிற்கும் சென்ட்ரல் தேஜு. இரும்புச் சட்டகம், அதைச் சுற்றிச் செங்கல் சுவர், உள்ளே ஏறத்தாழ 30 மீட்டர் உயரத்துக்குப் பாய்லர்கள். 1951-இல் காஸ்தெலு து போட் அணையிலிருந்து நீர்மின்சாரம் வரத் தொடங்கும்வரை லிஸ்பனுக்குக் கரண்ட் கொடுத்த முக்கியமான நிலையம் இதுதான். அதற்குப் பிறகு அவசரத்துக்கு மட்டும் ஓடியது, 1972-இல் அதுவும் நின்றது, 1975-இல் மூடினார்கள். 1986-இல் பாதுகாக்க வேண்டிய கட்டிடமாக அரசு அறிவித்தது, 1990-இல் மியூசியமாகத் திறந்தது.

கட்டிடம் அழகுதான், ஆனால் என் கணக்கில் அது இரண்டாவது. அங்கே நிலக்கரி போன பாதை ஆரம்பம் முதல் கடைசிவரை அப்படியே இருக்கிறது. ஆற்றில் வந்த கரி முற்றத்தில் இறங்கும், சலித்துக் கலந்து, வாளித் தொடரில் ஏறி பாய்லர் உச்சிக்குப் போகும், அங்கிருந்து மெல்ல நகரும் இரும்புத் தட்டியின் மேல் விழுந்து எரிந்துகொண்டே போய் மறுமுனையில் சாம்பலாகக் கொட்டும். ஒரு பாய்லருக்குள் ஆட்கள் நுழைந்து பார்க்க வழி செய்திருக்கிறார்கள். சுவரெங்கும் தண்ணீர்க் குழாய்கள் வரிசையாக ஓடுவதும், தீ எந்தப் பக்கமாகப் போயிருக்கும் என்பதும், படிக்காத பிள்ளைக்குக்கூட ஒரே பார்வையில் புரியும்.

அதற்கு நேர் கீழே சாம்பல் அறை. என்னைக் கேட்டால் அந்த நிலையத்தின் மிக முக்கியமான இடம் அதுதான். மேலே பளபளக்கும் டர்பைன்களை (பாய்லர் நீராவியில் சுழன்று மின்சாரம் எடுக்க உதவும் இயந்திரங்களை) பார்த்துவிட்டு வருகிறவர்கள் அங்கே கொஞ்சம் நின்றுதான் ஆக வேண்டும், ஏனென்றால் நகரத்தில் யாரோ ஸ்விட்ச் போட்டு விளக்கு எரிய, இங்கே அனலிலும் தூசியிலும் நின்று சிலர் சூடான சாம்பலை வாரித் தள்ளியிருக்கிறார்கள். அரண்மனைகளில் ராஜா படுத்த கட்டிலைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் அல்லவா? கூலிக்காரர் வேலை செய்த இடத்தை வைத்திருப்பது எத்தனை ஊரில் நடக்கிறது!

கேள்வி: இயந்திரங்களை எடுத்துவிட்டுக் கட்டிடத்தை மட்டும் காப்பாற்றினால் போதாதா? லண்டனில் அப்படித்தானே செய்தார்கள்?
– வாசகி, மதுரை

பதில்: டேட் மாடர்ன் கலைக்கூடத்தைச் சொல்கிறீர்கள். கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்த பேங்க்சைடு மின் நிலையம், எண்ணெயில் ஓடியது, 1981-இல் மூடப்பட்டது. இடித்துவிடுவார்களோ என்று பல வருடம் பயம் இருந்தது. இயந்திரங்களை வெளியே எடுத்துவிட்டு 2000-இல் கலைக்கூடமாகத் திறந்தார்கள். 155 மீட்டர் நீளமுள்ள அந்த டர்பைன் கூடத்தில் நிற்கும்போது பிரமிப்பு வரும், மறுக்கவே மாட்டேன், இடிப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் கரண்ட் எப்படி வந்தது என்று அந்தக் கூடம் சொல்லாது. பாத்திரம் இருக்கிறது, சமையல் போய்விட்டது.

இரண்டையும் சேர்த்துச் செய்த ஊர் ரோம். 1912-இல் தொடங்கி 1963-இல் நின்றுபோன மொன்டெமார்டினி நிலையத்தில் பெரிய டீசல் எஞ்சின்களைக் கழற்றாமல், 1997-இல் கேப்பிடோலின் அருங்காட்சியகத்தின் பளிங்குச் சிலைகளை அவற்றுக்கு முன்னால் நிறுத்தினார்கள். தற்காலிகக் கண்காட்சி என்றுதான் ஆரம்பித்தது, பிறகு நிரந்தரமாகிவிட்டது. கறுத்த எஞ்சினுக்கு முன் வெள்ளைச் சிலை, இரண்டுமே மனிதக் கைவேலை.

கேள்வி: ஒரு பழைய நிலையத்தை மியூசியமாக்குவதென்றால் முதலில் என்ன செய்ய வேண்டும்?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: பெயின்ட் அடிக்காதீர்கள், அதுதான் முதல் வேலை. வரைபடங்கள், ஷிப்ட் பதிவேடுகள், மீட்டர் பலகையில் கையால் எழுதி ஒட்டிய சீட்டுகள், இவையெல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போவதற்குள் எடுத்து வையுங்கள். அங்கே வேலை பார்த்தவர்களை உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள், எந்த வால்வு எப்போது முரண்டு பிடிக்கும் என்பது எந்த வரைபடத்திலும் இருக்காது. அப்புறம் ஒரு எச்சரிக்கை: அந்தக் காலத்துக் குழாய்களில் வெப்பம் போகாமலிருக்கச் சுற்றியது பல இடங்களில் ஆஸ்பெஸ்டாஸ். அதன் தூசி நுரையீரலுக்குப் போனால் புற்றுநோய்வரை கொண்டுபோகும். அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் வந்து அகற்றும்வரை உள்ளே யாரையும் விடக் கூடாது, ஆர்வத்தோடு வரும் மாணவர்களையும் சேர்த்துத்தான்.