குளிப்பாட்ட வந்தால் அடிக்கிறார்

கேள்வி: டிமென்ஷியா என்னும் மறதிநோயால் பாதிக்கப்பட்ட என் தாயார் (வயது 78) ஓராண்டாக முதியோர் இல்லம் ஒன்றில் இருக்கிறார். இரண்டு வாரமாகக் குளிப்பாட்ட வரும் பணிப்பெண்ணை அடிக்கிறார், கிள்ளுகிறார். மாலையானால், ‘பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்திருப்பார்கள், வீட்டுக்குப் போக வேண்டும்’ என்று வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அமைதிப்படுத்த மாத்திரை கொடுக்க இல்லத்தார் சம்மதம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: இப்போதே சம்மதிக்க வேண்டாம். ‘இரண்டு வாரமாக’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். மறதிநோய் பொதுவாக மெல்ல முற்றுவது. சில நாட்களில் நடத்தை மாறினால், நோயின்மேல் பழி போடுவதற்கு முன் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, பல்வலி, மூட்டுவலி, புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவற்றில் ஏதேனும் காரணமா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். வலிக்கும் இடத்தைச் சொல்லத் தெரியாதவர் கையைத்தான் ஓங்குவார்.

குளியலை அவர் நிலையில் இருந்து எண்ணிப் பாருங்கள். நேற்று வந்த பணிப்பெண் இன்று அவருக்கு அந்நியர். அந்த அந்நியர் புடவையை உருவி, தலையில் தண்ணீரை ஊற்றுகிறார். வாழ்நாள் முழுதும் கூச்சத்தோடு வாழ்ந்த பெண் அடிக்காமல் என்ன செய்வார்? ஆகவே, அவர் வீட்டில் குளித்த அதே நேரத்தில், கூடுமானவரை ஒரே பணிப்பெண், எதிரில் நின்று பெயர் சொல்லிப் பேசிவிட்டுத் தொடங்கட்டும். தோளையும் மடியையும் துண்டால் மூடி, வெதுவெதுப்பான நீரைப் பாதத்திலிருந்து ஊற்றி, சொம்பை அவர் கையிலேயே கொடுக்கலாம். தலைக்கு ஊற்றுவதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். மறுத்தால் வற்புறுத்தாமல் அரைமணி கழித்து வரட்டும். நாள்தோறும் குளித்தே ஆக வேண்டும் என்பது நம் வழக்கமே தவிர மருத்துவக் கட்டாயம் அன்று. போர்வைக்குள்ளேயே ஈரத்துண்டால் துடைத்துவிட்டாலும் போதும். ஒருவரே பலரைக் குளிப்பாட்டும் இல்லத்தில் இதற்கு நேரம் கிடைக்காது என்பது உண்மை. அது அந்தப் பணிப்பெண்ணின் குற்றமன்று, நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய கேள்வி.

மாலைத் தவிப்பு இந்நோயில் மிகவும் பொதுவானது. ‘பிள்ளைகளுக்கு ஐம்பது வயதாகிவிட்டது’ என்று திருத்துவதால் தவிப்பு கூடும். ‘அவர்களுக்கு என்ன பலகாரம் செய்வீர்கள்?’ என்று கேட்டபடி உடன் நடக்கலாம். இருட்டும் முன்பே விளக்கைப் போட்டு, ஆய்வதற்குக் கீரைக்கட்டு ஒன்றைக் கொடுத்தால் கைகளுக்கு வேலை கிடைக்கும்.

மாத்திரைக்கு வருவோம். இப்படி அமைதிப்படுத்தப் பெரும்பாலும் தரப்படுபவை ஆன்டிசைக்காட்டிக் என்னும் மனநோய் மருந்துகள். மறதிநோயுள்ள முதியவர்களுக்கு இவை மரண அபாயத்தைச் சுமார் 1.6 முதல் 1.7 மடங்கு வரை கூட்டுவதாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005ஆம் ஆண்டில் எச்சரித்தது. 2008இல் இவ்வகையின் பழைய மருந்துகளுக்கும் அதை விரிவுபடுத்தியது. மூளையில் ஒருவகைப் புரதம் படிவதால் வரும் லூயி பாடி வகை மறதிநோயில் ஹாலோபெரிடால் போன்ற இவ்வகை மருந்துகள் உடலை விறைக்கச் செய்து பெருந்தீங்கு விளைவிக்கலாம். தமக்கோ பிறருக்கோ ஆபத்து நேரும் நிலையிலும், பிற வழிகள் பலனளிக்காத கடுந்துயரிலும் மட்டும், குறைந்த அளவில், எப்போது நிறுத்திப் பார்ப்பது என்று தேதி குறித்துக்கொண்டு மருத்துவர் தொடங்கலாம். எந்த மருந்து, எந்த அறிகுறிக்கு என்று எழுத்தில் கேளுங்கள். நாற்காலியில் கட்டிவைப்பதற்கு ஒருபோதும் இசையாதீர்கள்.

இதற்கிடையே, எந்த நேரத்தில், யார் அருகில் இருந்தபோது, எதற்குப் பின் அடித்தார் என்பதை ஒரு வாரம் நோட்டில் குறித்துவைக்கும்படி இல்லத்தாரிடம் சொல்லுங்கள். உங்கள் தாயார் காலையில் குளிப்பவரா மாலையிலா, சோப்பா கடலைமாவா, அவரை எப்படி அழைத்தால் திரும்பிப் பார்ப்பார் என்பவற்றை ஒரு தாளில் எழுதி நீங்களும் அந்தப் பணிப்பெண்ணிடம் கொடுங்கள்.