கொலஸ்ட்ரால் மாத்திரை செல் சவ்வைக் கரைத்துவிடுமா?

இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து எட்டு மாதமே ஆகியிருக்கும் நிலையில், செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய உறையான சவ்வைக் கொலஸ்ட்ரால் மாத்திரை கரைத்துவிடும் என்று சொன்ன ஒரு மலையாளக் காணொளியை நம்பி, அந்த வகை மாத்திரையான அடோர்வாஸ்டாடினை மூன்று வாரமாக நிறுத்தியிருப்பதுதான், குலசேகரத்திலிருந்து நீங்கள் எழுதிய நீண்ட கடிதத்தில் என்னைக் கவலையில் ஆழ்த்திய வரி. இரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரைகளையும் சேர்த்து நிறுத்தியிருந்தால், இதை மேலே படிக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மாத்திரையின்மேல் நீங்கள் பழிபோடும் முடி உதிர்வும், சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவதும் அறுபது வயதில் பலருக்கும் உள்ளவை. இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது மாத்திரையை விட்ட பின்னும் குறையவில்லை என்று நீங்களே எழுதியிருப்பதால், ரப்பர் தோட்டத்துச் சரிவில் விடியுமுன் ஏறி இறங்குவதை நான் முதலில் சந்தேகிப்பேன்.

செல் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கிறது என்று காணொளிக்காரர் சொன்னது உண்மை. நீரை நாடும் தலையும் நீரை விலக்கும் இரண்டு வால்களும் கொண்ட பாஸ்போலிப்பிட் என்னும் கொழுப்பு மூலக்கூறுகள், வால்களை உள்ளே மறைத்துக்கொண்டு ஈரடுக்காக நிற்பதே சவ்வு. அதன் தடிமன் ஏறக்குறைய 7 நானோமீட்டர். அந்த வால்களுக்கிடையே செருகியிருக்கும் கொலஸ்ட்ரால், சவ்வு மிகையாக இளகாமலும் இறுகாமலும் காக்கிறது. ஆனால், அதற்குத் தேவையானதை ஏறக்குறைய எல்லாச் செல்களும் தாமே தயாரித்துக்கொள்ள வல்லவை என்பதை அவர் சொல்லவில்லை. பிறந்த குழந்தையின் இரத்தத்தில் ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ எனப்படும் எல்டிஎல், டெசிலிட்டருக்குப் பெரும்பாலும் 50 மில்லிகிராமுக்கும் கீழேதான் இருக்கும். புதிய சவ்வுகள் மிக விரைவாக உருவாகும் வயது அதுவே.

மாத்திரை செய்வது வேறு. கல்லீரல் செல்லுக்குள் கொலஸ்ட்ரால் உற்பத்தியை அது குறைக்கிறது. குறைந்ததை ஈடுசெய்ய அந்தச் செல் தன் சவ்வின்மேல் எல்டிஎல்லைப் பற்றிக்கொள்ளும் புரதங்களான எல்டிஎல் ஏற்பிகளைக் கூடுதலாக நிறுத்தி, இரத்தத்தில் மிதக்கும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே, சவ்வைக் கரைப்பதாகச் சொல்லப்படும் மருந்து, உண்மையில் சவ்வைக் கொண்டுதான் வேலை செய்கிறது.

இந்த மாத்திரையால் நீங்கள் அஞ்ச வேண்டிய நிலை ஒன்று உண்டு; அது அரிது. இரண்டு தொடைகளிலும் தோள்களிலும் வலியோடு பலவீனம் தோன்றி, உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியாமல் போய், சிறுநீர் பாலில்லாத கட்டன் சாயாவின் நிறத்தில் இறங்கினால், தசைச் செல்களின் சவ்வு சிதைந்து தசைப் புரதமான மயோகுளோபின் கசிகிறது என்று பொருள். அது சிறுநீரகத்தை முடக்கிவிடக்கூடும். அப்போது மாத்திரையை நிறுத்திவிட்டு, வலி மாத்திரை எதையும் போட்டுக்கொள்ளாமல், அன்றே மருத்துவமனைக்குச் சென்று இரத்தத்தில் சிகே (தசை சிதைந்தால் கூடும் நொதி) அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். தொண்டை வலிக்கென்று கேரள எல்லைக்கு அப்பால் மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கி விழுங்கினீர்களே, கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், அது அடோர்வாஸ்டாடினுடன் சேர்ந்தால் இந்த ஆபத்தைக் கூட்டும். இனி எந்த மருந்துக்கடையிலும் கொலஸ்ட்ரால் மாத்திரையின் பெயரைச் சொல்லாமல் எதையும் வாங்காதீர்கள்.

இப்போது சிறுநீர் தெளிவாகவே போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனவே ஸ்டென்ட் வைத்த மருத்துவரை நாளைக் காலையிலேயே அழைத்து, மூன்று வாரம் விட்டதை மறைக்காமல் சொல்லி, அவர் கூறும் அளவில் மாத்திரையை மீண்டும் தொடங்குங்கள்.